வயதைக் குறை சொல்லும் முன் மாத்திரை டப்பாவைப் பாருங்கள்

"பதினஞ்சு வருஷமா இதே மாத்திரைதான் போடுறேன், ஒண்ணும் பண்ணலை. இப்ப மட்டும் என்ன புதுசா பண்ணிடப்போகுது?"

வயதானவர்களிடம் மருந்துப் பேச்சை எடுத்தால் முக்கால்வாசிப் பேர் இப்படித்தான் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். அதே மாத்திரை, அதே நிறம், அதே 5 மில்லிகிராம். ஆனால் அதை விழுங்குகிறவருக்கு அன்று 60 வயது, இன்று 75. இடைப்பட்ட காலத்தில் அவருடைய சிறுநீரகம், கல்லீரல், தசை, கொழுப்பு, மூளை எல்லாமே கொஞ்சம் கொஞ்சமாக மாறிவிட்டன. அதனால் அட்டையில் 5 என்று போட்டிருந்தாலும் உடம்புக்குள் அது 8 மாதிரியோ 10 மாதிரியோ வேலை செய்யலாம். டோஸை யாரும் கூட்டவில்லை, தானாகக் கூடிக்கொண்டது.

நான் மருந்தாளுநர், டாக்டர் இல்லை. அதனால் யார் எந்த மாத்திரையைப் போடலாம், எதை விடலாம் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. வேலையிலும் வீட்டிலும் திரும்பத் திரும்பப் பார்க்கிற ஒன்றைத்தான் சொல்ல வருகிறேன். வயதானவர் நடையில் தடுமாறினால், பெயர்களை மறந்தால், பகலெல்லாம் தூங்கி வழிந்தால், சாப்பாட்டைப் பார்த்தாலே வேண்டாம் என்றால், வீட்டில் எல்லோரும் "வயசாயிடுச்சுல்ல" என்று ஒரே வார்த்தையில் கணக்கை முடித்துவிடுகிறார்கள். அதில் ஒரு பங்கு மாத்திரையால் வந்ததாக இருக்கலாம் என்று யாருக்கும் தோன்றுவதில்லை. வயதைக் குறைக்க யாராலும் முடியாது, மாத்திரையைக் குறைக்க முடியும், அதனால் முதலில் அங்கே பார்ப்பதுதானே புத்திசாலித்தனம்?

சரி, உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

ஒரு மருந்தை உடம்பு முதலில் உறிஞ்சுகிறது, பிறகு எல்லா இடத்துக்கும் பரப்புகிறது, உடைக்கிறது, கடைசியில் வெளியேற்றுகிறது. வயதானால் வயிறு சரியாக உறிஞ்சாது, அதனால் மருந்து ஏறாது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் இந்த நான்கில் வயது மிகக் குறைவாகத் தொடுவது உறிஞ்சுதலைத்தான். கொஞ்சம் மெதுவாக நடக்கும், அவ்வளவுதான், பெரும்பாலான மருந்துகள் முழுதாகவே உள்ளே போய்விடுகின்றன. சில விதிவிலக்குகள் உண்டு: கால்சியம் கார்பனேட் கரைவதற்கு வயிற்றில் அமிலம் வேண்டும், அமிலத்தைக் குறைக்கிற மாத்திரையை வருடக்கணக்காகப் போடுகிறவருக்கு அந்தக் கால்சியம் சரியாகச் சேராது. இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றும் இல்லை.

பரவுவதில்தான் கதை ஆரம்பிக்கிறது. எடைமெஷினில் ஏறி நின்றால் முப்பது வருடத்துக்கு முன் காட்டிய அதே எண் வரலாம். ஆனால் உள்ளே தசை குறைந்து, நீர் குறைந்து, அந்த இடத்தில் கொழுப்பு ஏறியிருக்கும். நீரில் கரையும் மருந்துகளுக்குப் பரவ இடம் குறைகிறது, ரத்தத்தில் அடர்த்தி கூடுகிறது. மனநலத்துக்குக் கொடுக்கும் லித்தியம், இதயத்துக்குக் கொடுக்கும் டிகாக்ஸின் போன்றவை இந்த வகை, மதுவும் அப்படித்தான். "முன்னே எல்லாம் ரெண்டு கிளாஸ் தாங்கும், இப்ப ஒண்ணே தூக்குது" என்று சொல்கிறவர் பொய் சொல்லவில்லை. கொழுப்பில் கரையும் மருந்துகளோ நேர்மாறாகக் கொழுப்புக்குள் போய்ப் பதுங்கிக்கொண்டு, நாள்கணக்கில் மெதுவாகக் கசிந்து வருகின்றன.

இதற்கு டயஸிபாம் நல்ல உதாரணம். பதற்றத்துக்கும் தூக்கத்துக்கும் தசைப்பிடிப்புக்கும் கொடுக்கிற பழைய மாத்திரை. ஒரு மருந்தின் அளவு ரத்தத்தில் பாதியாகக் குறைய ஆகிற நேரத்தை அரைவாழ்வு என்போம். டயஸிபாமுக்கு ஒரு வேடிக்கையான மனக்கணக்கு உண்டு: அதன் அரைவாழ்வு, மணிக்கணக்கில், ஏறக்குறைய அந்த ஆளின் வயது. 20 வயதுப் பையனுக்கு 20 மணி நேரம், 80 வயதுத் தாத்தாவுக்கு 80 மணி நேரம். துல்லியமான விதி இல்லை, ஆனால் 1970-களில் நடந்த அளவீடுகள் கிட்டத்தட்ட அப்படித்தான் காட்டின.

இதன் விளைவு என்ன என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தினமும் ஒரு மாத்திரை போடும்போது, உள்ளே வருவதும் வெளியே போவதும் சமமாகி அளவு நிலைக்கு வரச் சுமார் ஐந்து அரைவாழ்வுக் காலம் ஆகும். இளைஞருக்கு அது நான்கைந்து நாள். 80 வயதுக்காரருக்கு 400 மணி நேரம், அதாவது இரண்டு வாரத்துக்கு மேல். அடைப்பு விழுந்த தொட்டியில் குழாயைத் திறந்துவிட்ட கதைதான், தண்ணீர் ஏறுவது தெரியாமலேயே ஏறிக்கொண்டிருக்கும். முதல் நாள் இரவு நன்றாகத் தூங்குகிறார், காலையில் தெளிவாக எழுந்திருக்கிறார், "நல்ல மாத்திரைப்பா" என்கிறார். ஒரு வாரம் அப்படியே போகிறது. மூன்றாவது வாரம் கால் பின்னுகிறது, பேச்சு இழுக்கிறது, குளியலறையில் வழுக்கி விழுகிறார். அதற்குள் மாத்திரை பழசாகிவிட்டது, யாரும் அதைச் சந்தேகப்படுவதில்லை. புதிதாக எதுவும் ஆரம்பிக்கவில்லையே என்று டாக்டரிடமும் சொல்லிவிடுவார்கள்! போதாக்குறைக்கு டயஸிபாம் உடைந்து உருவாகும் பொருளும் சும்மா இருப்பதில்லை, அதற்கும் மயக்கும் குணம் உண்டு, அது டயஸிபாமைவிட நீண்ட நேரம் தங்கும்.

உடைக்கிற வேலை பெரும்பாலும் கல்லீரலுக்கு. வயதாக ஆகக் கல்லீரல் சிறுக்கிறது, அதற்குள் ஓடும் ரத்தமும் குறைகிறது. கல்லீரல் பரிசோதனை ரிப்போர்ட்டில் இது தெரியாது, எல்லா எண்ணும் நார்மலாகவே இருக்கும், ஏனென்றால் அந்தச் சோதனை பெரும்பாலும் பார்ப்பது கல்லீரலுக்குச் சேதம் இருக்கிறதா என்பதைத்தான். பிரஷருக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் புரோப்ரனலால், வெரபமில் போன்ற மருந்துகளில் பெரும்பகுதியைக் குடலிலிருந்து ரத்தத்துக்குப் போகும் வழியிலேயே கல்லீரல் பிடித்து உடைத்துவிடும், டோஸ் நிர்ணயித்தபோதே அந்தக் கழிவையும் கணக்கில் வைத்துத்தான் நிர்ணயித்திருப்பார்கள். அந்தக் காவல் தளர்ந்தால் அதே மாத்திரையிலிருந்து அதிக மருந்து உள்ளே போகும். ஆனால் கல்லீரலின் எல்லா வேலையும் ஒரேபோலத் தளர்வதில்லை. ஆக்ஸிஜனேற்றம் வழியாக உடைக்கும் வேலை மந்தமாகும், வேறொரு மூலக்கூறை ஒட்டவைத்துக் கழிக்கும் வேலை கிட்டத்தட்ட அப்படியே இருக்கும். டயஸிபாம் வகையிலேயே லோரஸிபாம் இந்த இரண்டாவது வழியில் போகிற மருந்து. வயதானவருக்கு அந்த வகை மருந்து கட்டாயம் தேவை என்றால் டயஸிபாமைத் தவிர்த்து லோரஸிபாமை எடுப்பதற்குக் காரணம் இதுதான். விழுகிற அபாயம் அதிலும் உண்டு, அது வேறு விஷயம்.

இனி சிறுநீரகம். ஒரே ஒரு விஷயம்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

பெரியம்மாவுக்கு 82 வயது. கால் எரிச்சலுக்கு பிரிகாபலின் போட்டுக்கொண்டிருந்தார், காலை ஒன்று, இரவு ஒன்று. சில மாதமாகப் பகலிலும் தூக்கம், எழுந்தால் தள்ளாட்டம், டிவியில் தொடர் ஓடும்போதே தலை சாய்ந்துவிடும். அவர் மகள், என் அக்கா, போனில் சொன்னார்: "கிட்னி டெஸ்ட் எல்லாம் எடுத்தாச்சுடி, கிரியேட்டினின் 0.9 தான், நார்மல். வயசுதான் வேற என்ன." பெரியம்மாவின் எடை என்ன என்று கேட்டேன். 44 கிலோ.

கிரியேட்டினின் என்பது தசையிலிருந்து வருகிற கழிவு. சிறுநீரகம் அதை வடிக்கிறது. ரத்தத்தில் அது கூடினால் சிறுநீரகம் சரியாக வடிக்கவில்லை என்று பொருள் கொள்கிறோம். இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருக்கிறது: தசையே குறைவாக இருந்தால் கிரியேட்டினின் உற்பத்தியும் குறைவு, சிறுநீரகம் பாதி வேலை செய்தாலும் ரத்தத்தில் எண் ஏறாது. ஒல்லியான, வயதான பெண்ணுக்கு 0.9 என்பது ஆறுதல் தருகிற எண்ணே இல்லை.

சிறுநீரகம் எவ்வளவு வேகமாக வடிக்கிறது என்று மதிப்பிட, காக்கிராஃப்ட், கால்ட் என்ற இருவர் 1976-இல் வெளியிட்ட சூத்திரம் ஒன்று இருக்கிறது, இன்றும் மருந்தின் டோஸ் பார்க்கப் பயன்படுகிறது. 140-இலிருந்து வயதைக் கழித்து, அதை எடையால் பெருக்கி, 72-ஐ கிரியேட்டினினால் பெருக்கி வரும் எண்ணால் வகுக்க வேண்டும். பெண் என்றால் விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும். பெரியம்மாவுக்குப் போட்டுப் பார்ப்போம்: 140 கழித்தல் 82 என்றால் 58, 44-ஆல் பெருக்கினால் 2552, அதை 64.8-ஆல் வகுத்தால் 39, பெண் என்பதால் 33 சொச்சம். நிமிடத்துக்கு 33 மில்லி. இதே 0.9 கிரியேட்டினின் உள்ள, 60 கிலோ எடையுள்ள 30 வயதுப் பெண்ணுக்குப் போட்டால் 86 சொச்சம் வருகிறது. ரிப்போர்ட் இரண்டு பேருக்கும் ஒரே எண்ணைக் காட்டி "நார்மல்" என்கிறது, சிறுநீரகத்தின் வேகமோ ஒன்றுக்கு இரண்டரை மடங்கு வித்தியாசம்.

பிரிகாபலின் உடையாமல் அப்படியே சிறுநீர் வழியாகத்தான் வெளியே போகிறது. அதனால் இந்த வேகம் 60-க்குக் கீழே இறங்கினால் டோஸைப் பாதியாக்க வேண்டும், 30-க்குக் கீழே இன்னும் குறைக்க வேண்டும் என்று மருந்துக் குறிப்பிலேயே இருக்கிறது. அக்கா இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதிக்கொண்டு டாக்டரைப் பார்த்தார். அவர் தாளைப் பார்த்தார், பெரியம்மாவை நிமிர்ந்து பார்த்தார், டோஸைக் குறைத்தார். எரிச்சல் கொஞ்சம் இருக்கிறது என்கிறார் பெரியம்மா, ஆனால் தொடரின் கதையை இப்போது எங்களுக்கு அவர்தான் சொல்கிறார், அதுவும் விலாவாரியாக.

இப்போது பல ஆய்வகங்கள் கிரியேட்டினினுக்குப் பக்கத்திலேயே மதிப்பிட்ட வடிகட்டும் வேகத்தையும் அச்சிட்டுத் தருகின்றன. நல்ல விஷயம்தான். ஆனால் அது ஒரு நடுத்தர அளவு உடம்புக்குச் சரிக்கட்டிய எண். ரொம்பச் சிறிய உடம்புக்காரருக்கு அது உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். அதனால் எடையும் வயதும் எப்போதும் பேச்சில் இருக்க வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், எல்லோருக்கும் சிறுநீரகம் ஒரே வேகத்தில் தளர்வதில்லை. சராசரியாக 40 வயதுக்கு மேல் வருடத்துக்கு நிமிடத்துக்கு ஒரு மில்லி அளவு குறையும் என்பார்கள். ஆனால் அமெரிக்காவில் 1958-இல் தொடங்கிய பால்டிமோர் நெடுங்கால ஆய்வில் மூன்றில் ஒரு பங்கு ஆட்களுக்குக் குறைவே தென்படவில்லை. 80 வயதில் 40 வயதுச் சிறுநீரகத்தோடு இருப்பவரும் உண்டு. பிறந்த வருடத்தை வைத்து முடிவு கட்ட முடியாது, அந்த ஆளை அளந்துதான் பார்க்க வேண்டும்.

சிறுநீரகத்தை நம்பியிருக்கும் மருந்துகளின் பட்டியல் நீளம். சுகருக்கான மெட்ஃபார்மின், இதயத்துக்கான டிகாக்ஸின், பிரஷருக்கான அட்டினலால், நரம்பு வலிக்கான காபாபென்டின், ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் டாபிகாட்ரான், பல ஆன்டிபயாடிக்குகள். டிகாக்ஸின் அளவு மிஞ்சினால் முதலில் பசி போகும், குமட்டும், சிலருக்குப் பார்வையில் மஞ்சள் படியும். பசி போனதற்குத்தான் வீட்டில் எவ்வளவு விளக்கம் சொல்கிறார்கள், மனக்கவலை, வாய்க்கு ருசியில்லை, சமைக்கிறவர் கைப்பக்குவம் வரை!

அப்புறம், உடம்பு மருந்தை என்ன செய்கிறது என்பது ஒரு பாதிதான். மருந்து உடம்பை என்ன செய்கிறது என்பதும் மாறுகிறது. ரத்தத்தில் ஒரே அளவு மருந்து இருந்தாலும் வயதான மூளை தூக்க மாத்திரைக்கு அதிகமாக மயங்கும். வார்ஃபரின் குறைந்த அளவிலேயே ரத்தத்தை அதிகமாக இளக்கும். உட்கார்ந்திருந்தவர் சட்டென்று எழும்போது கழுத்து நாளத்தில் இருக்கும் உணரிகள் பிரஷர் இறங்குவதைக் கண்டு இதயத்தை விரட்ட வேண்டும். அந்த அனிச்சைச் செயல் வயதில் மந்தமாகிறது. அதன் மேல் பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, புராஸ்டேட்டுக்கான மாத்திரை என்று மூன்றும் சேர்ந்தால் எழுந்த இரண்டாவது நொடி கண் இருட்டும். பிரஷரை எப்போதும் உட்காரவைத்தே பார்க்கிறார்கள். எழுந்து நின்றவுடன் ஒருமுறை, மூன்று நிமிடம் கழித்து ஒருமுறை பார்த்தால் பல மர்மங்கள் விலகும்.

எனக்கு மிகவும் எரிச்சல் வருவது சளி மாத்திரை விஷயத்தில். சீட்டே இல்லாமல் கிடைக்கிறது, குழந்தைக்குக்கூடக் கொடுக்கிறோம், இது என்ன செய்துவிடும் என்று ஓர் அலட்சியம். குளோர்ஃபெனிரமைன், டைஃபென்ஹைட்ரமைன் போன்ற பழைய தலைமுறை அலர்ஜி மருந்துகள் மூக்கொழுகுவதை நிறுத்துவதோடு நிற்பதில்லை, அசிட்டைல்கோலின் என்ற நரம்புச் செய்தியையும் தடுக்கின்றன. நினைவாற்றலுக்கு அது வேண்டும், சிறுநீர்ப்பை சுருங்க அது வேண்டும், குடல் அசைய அது வேண்டும். 30 வயதில் கையிருப்பு தாராளம், வாய் உலர்வதோடு போகும். 80 வயதில் இரவில் எழுந்து "இது யார் வீடு?" என்று கேட்க வைக்கும். புராஸ்டேட் வீங்கியிருப்பவருக்குச் சிறுநீர் முழுதாக நின்றுபோய் அவசரப் பிரிவுக்கு ஓட வைக்கும். இதே குணம் உள்ள வேறு மாத்திரைகளும் ஏற்கனவே டப்பாவில் இருக்கும்: நரம்பு வலிக்கு அமிட்ரிப்டிலின், அடிக்கடி சிறுநீர் போவதற்கு ஆக்ஸிபியூட்டினின். ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சின்ன டோஸ்தான். மூளைக்குத் தனித்தனியாகத் தெரியாது, மொத்தமாகத்தான் தெரியும்.

அடுத்தது வலி மாத்திரை. ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் வகையறா. வயிற்றில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் வயதோடு ஏறுகிறது என்பது ஓரளவு தெரிந்த செய்தி. தெரியாத செய்தி சிறுநீரகம் பற்றியது. பிரஷருக்கு ராமிப்ரில் அல்லது டெல்மிசார்டன் மாதிரி ஒன்று, கூடவே நீர் பிரியும் மாத்திரை ஒன்று, இந்த இரண்டும் போடுகிறவர் மூட்டு வலிக்கு இந்த மூன்றாவதையும் சேர்த்தால் சிறுநீரகத்துக்குள் ரத்த ஓட்டத்தைச் சமன்செய்யும் வழிகள் எல்லாப் பக்கமும் அடைபடுகின்றன. வாந்தி பேதியும் சேர்ந்துகொண்டால் ஒரு வாரத்தில் சிறுநீரகம் உட்கார்ந்துவிடலாம். மூன்றையும் எழுதியது மூன்று வேறு டாக்டர்களாக இருக்கும், ஒருவர் எழுதியது மற்றவருக்குத் தெரிந்திருக்காது.

சுகர் மாத்திரைகளில் கிளிபென்கிளமைடு வயதானவர்களுக்கு ஆகாதது என்று பல காலமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். சர்க்கரையைக் கீழே இறக்கிவிட்டு நீண்ட நேரம் மேலே வர விடாது. இளம் வயதில் சர்க்கரை இறங்கினால் கை நடுங்கும், வியர்க்கும், பசிக்கும், ஆள் உஷாராகிவிடுவார். முதுமையில் அந்த எச்சரிக்கை மங்கி, நேராகக் குழப்பமாகவே வெளிப்படலாம், அதையும் மறதி என்றே எடுத்துக்கொள்வார்கள்.

இதெல்லாம் முன்பே தெரியாதா, மருந்தைச் சந்தைக்குக் கொண்டுவரும்போது சோதிக்க மாட்டார்களா என்று கேட்கலாம். பல காலம் சோதித்தது பெரும்பாலும் இளைஞர்களிடமும் நடுவயதுக்காரர்களிடமும். 1980-களின் தொடக்கத்தில் பெனாக்ஸாபுரோஃபென் என்ற மூட்டு வலி மருந்து வந்தது, பிரிட்டனில் ஓப்ரென், அமெரிக்காவில் ஓராஃப்ளெக்ஸ் என்று பெயர். மூட்டு வலி யாருக்கு அதிகம்? வயதானவர்களுக்கு. அவர்கள் உடம்பில் அந்த மருந்து இளைஞர்களிடம் தங்குவதைவிடப் பல மடங்கு நேரம் தங்கியது, தினமும் போடப் போடச் சேர்ந்துகொண்டே போனது. கல்லீரலும் சிறுநீரகமும் பழுதாகி முதியவர்கள் பலர் இறந்தார்கள், 1982-இல் மருந்தைத் திரும்பப் பெற்றார்கள். முதியவர்களிடம் தனியாகச் சோதிக்க வேண்டும் என்ற சர்வதேச வழிகாட்டுதல் 1993-இல்தான் உருவானது. இன்றும் 85 வயதில் நான்கு நோயோடு இருப்பவரைச் சோதனையில் சேர்ப்பது அபூர்வம், நிஜத்தில் மருந்து விழுங்குவதோ அவர்தான்.

1991-இல் மார்க் பியர்ஸ் என்ற அமெரிக்க முதியோர் மருத்துவர் முதியோர் இல்லங்களுக்காக ஒரு பட்டியல் வெளியிட்டார், முதியவர்களுக்குப் பொதுவாக ஒத்துவராத மருந்துகள் என்று. பியர்ஸ் பட்டியல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறது, 2023-இலும் புதுப்பித்தது. மேலே நான் திட்டிய மருந்துகளில் பல அதில் இருக்கின்றன. ஆனால் அந்தப் பட்டியலை இணையத்தில் பார்த்துவிட்டு "இது தடை செய்த மருந்து" என்று டாக்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள், அது தடைப்பட்டியல் கிடையாது. ஒருவருக்கு வேறு வழி இல்லாமல் அதே மருந்து தேவைப்படலாம். கேள்வி கேட்க வைக்கிற பட்டியல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரைக்கு மாத்திரை போடும் சங்கிலியையும் சொல்லியாக வேண்டும். பிரஷருக்கு அம்லோடிபின் போட்டால் சிலருக்குக் கணுக்கால் வீங்கும், மருந்தின் இயல்பான விளைவு அது. வீக்கத்தைப் பார்த்து நீர் பிரியும் மாத்திரை எழுதுவார்கள். அந்த வகை வீக்கத்துக்கு அது பெரிதாகக் கேட்காது, ஆனால் பொட்டாசியத்தை இறக்கும், அதற்கொரு சிரப். இரவில் மூன்று தடவை எழ வைக்கும், தூக்கம் கெடும், அதற்கொரு தூக்க மாத்திரை. அரைத் தூக்கத்தில் இருட்டில் எழுந்து நடந்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. முதல் கண்ணியில் கை வைத்திருந்தால் பின்னால் வந்த மூன்றும் தேவையே இல்லை. புதிதாக ஓர் அறிகுறி வந்தால், அது ஏற்கனவே போடும் மருந்தால் வந்ததா என்று முதலில் கேட்டுவிட்டுத்தான் புது மாத்திரை பற்றிப் பேச வேண்டும் என்பது என் பிடிவாதம்.

ஆஸ்பிரின் பற்றியும் ஒரு வார்த்தை. மாரடைப்போ பக்கவாதமோ வராத ஆட்கள்கூட "இதயத்துக்கு நல்லது" என்று தினம் ஒன்று போடுவது பழக்கமாக இருந்தது. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் 19,000-க்கும் மேற்பட்ட, பெரும்பாலும் 70 தாண்டிய ஆரோக்கியமானவர்களிடம் நடந்த ஆஸ்ப்ரீ ஆய்வின் முடிவு 2018-இல் வந்தது: ஊனமில்லாமல் வாழும் காலத்தை ஆஸ்பிரின் நீட்டிக்கவில்லை, பெரிய ரத்தக்கசிவு கூடியது. ஏற்கனவே மாரடைப்பு வந்தவர், ஸ்டென்ட் வைத்தவர் கதை முற்றிலும் வேறு, அவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்தினால் ஆபத்து.

நிறுத்துவது என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்தப் பதிவைப் படித்துவிட்டு யாராவது இன்று இரவே அப்பாவின் டப்பாவைக் காலி செய்தால் எழுதியதற்கு அர்த்தமே இல்லை. மெட்டோபுரலால் போன்ற, இதயத் துடிப்பை மட்டுப்படுத்தும் பீட்டா பிளாக்கரைச் சட்டென்று நிறுத்தினால் நெஞ்சுவலி, மாரடைப்பு வரை போகலாம். பல நாள் போட்ட டயஸிபாம் வகை மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு வரலாம். ஸ்டீராய்டும் அப்படித்தான். குறைப்பதும் ஒரு வைத்தியம், படிப்படியாக, எழுதிய டாக்டர் கையாலேயே நடக்க வேண்டும்.

நீங்கள் செய்யக்கூடியது வேறு. வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் ஒரு பையில் போடுங்கள். எல்லாம் என்றால் எல்லாம்தான், அலமாரி மூலையில் கிடக்கும் பாதி அட்டை, பக்கத்து வீட்டு மாமா "எனக்குக் கேட்டுச்சு" என்று கொடுத்தது, மூலிகைப் பொடி, வைட்டமின், இருமல் சிரப், மேலே பூசுகிற களிம்பு உட்பட. பையோடு டாக்டரிடமோ மருந்தாளுநரிடமோ போய், ஒவ்வொன்றையும் கையில் எடுத்து, இது எதற்கு, இன்னும் தேவையா, இந்த எடைக்கும் இந்தச் சிறுநீரகத்துக்கும் இந்த டோஸ் சரியா என்று கேளுங்கள். ஒரு தாளில் வயது, எடை, கடைசி கிரியேட்டினின் மூன்றையும் மேலேயே எழுதி வையுங்கள். விழுந்தாலோ, திடீர்க் குழப்பம் வந்தாலோ, ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பினாலோ அந்தப் பையை மறுபடியும் தூக்குங்கள். வாந்தி பேதியில் உடம்பு வற்றியிருக்கும் நாட்களில் பிரஷர் மாத்திரை, நீர் பிரியும் மாத்திரை, மெட்ஃபார்மின் இவற்றை என்ன செய்வது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்வதும் நல்லது.

கண் சொட்டு மருந்தையும் பையில் போட மறக்காதீர்கள், எல்லோரும் மறப்பது அதைத்தான், கண்ணில் விடுவது எப்படி மருந்தாகும் என்று நினைத்துவிடுகிறார்கள். கண் அழுத்தத்துக்கு விடும் டிமோலால் ஒரு பீட்டா பிளாக்கர். கண்ணின் மூலையில் இருக்கும் கண்ணீர்க் குழாய் வழியாக மூக்குக்கு இறங்கி அங்கிருந்து கல்லீரலைத் தொடாமலேயே ரத்தத்தில் கலக்கிறது, நாடித்துடிப்பைக் குறைக்கும், ஆஸ்துமா இருந்தால் இழுப்பைக் கிளப்பும். சொட்டு விட்டவுடன் கண்ணை மூடி, மூக்கை ஒட்டிய மூலையில் விரலால் இரண்டு நிமிடம் மெதுவாக அழுத்திப் பிடித்துக்கொண்டால் உள்ளே இறங்குவது நன்றாகக் குறையும்.